சத்தம் போடாத கட்டளை

அந்த ஆஸ்பத்திரியில் கம்பியூட்டருக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நோயாளிகள் பாயில் கிடக்க, அது மட்டும் பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மேசைமேல் வீற்றிருந்தது. ஓட்டின்மேல் பொருத்திய சூரியத்தகட்டில் வெயில் ஏறி, கீழே கிடந்த லொறிப் பற்றரி நிறைந்த பிறகுதான் கண் திறக்கும். நோயாளர் வாட்டைக் கடந்து போகிறவர்கள், "மாப்பிள்ளை எழும்பிட்டாரோ?" என்று நேர்ஸ் ஞானேஸ்வரியிடம் கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுக்கு அதைக் கண்டால் பயம்.

ஆஸ்பத்திரி என்று சொன்னாலும் அது தண்ணீரூற்றில் ஒரு பள்ளிக்கூடத்தின் சில வகுப்பறைகளும் பின்னால் இறக்கிய ஓலைக்கொட்டிலும்தான். இரத்தத்தைக் குளிரில் வைப்பதற்குப் பெட்டி இல்லை. பெட்டி இருந்திருந்தாலும் அதை ஓட்ட மின்சாரம் இல்லை. ஆகவே இரத்தத்தை ஆட்களுக்குள்ளேயே விட்டுவைத்து, தேவைப்படும்போது ஆளைத் தேடிப் பிடித்துக் கொண்டுவருவார்கள். யாருக்கு எந்த வகை, அவர் இப்போது எந்த மரத்துக்குக் கீழே கொட்டில் போட்டிருக்கிறார் என்பதைச் சொல்வதுதான் மாப்பிள்ளையின் வேலை. அவர் வாங்கித் தின்ற வெயிலுக்கு அது ஒன்றைத்தான் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வேலையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஆன்சலா. முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் கம்பியூட்டர் படித்து, படிப்பு முடியுமுன்னரே சண்டையில் சனத்தோடு சனமாக வன்னிக்கு வந்து சேர்ந்தவள். வற்றாப்பளைப் பக்கம் ஒரு நிவாரண நிறுவனத்தின் கந்தோரில் வேலை. முகாம் முகாமாகப் போகும் தொண்டர்கள் இரத்தம் கொடுப்பவர்களின் விபரத்தைக் கொண்டுவந்து கொடுக்க, அவள் அங்குள்ள இயந்திரத்தில் அடித்து, பிளொப்பித் தட்டில் ஏற்றி, திங்கட்கிழமைகளில் சைக்கிளில் கொண்டுவந்து ஆஸ்பத்திரி இயந்திரத்தில் போட்டுவிட்டுப் போவாள்.

புரோகிராம் நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் அது தன்பாட்டில் ஓடாது. அதை ஓட்டுவதற்கென்று இன்னொரு மென்பொருள் இருந்தது. முதலில் அதை எழுப்பி, பதிவு எங்கே கிடக்கிறது, எவ்வளவு இடம் எடுக்கலாம், எந்தப் புரோகிராமை ஓட்ட வேண்டும் என்று கறுப்புத் திரையில் ஒரே மூச்சில் அடித்துக் கொடுக்க வேண்டும். இடையில் சரிந்த கோடு, நேர்க்கோடு, புள்ளி. ஒரு புள்ளி தப்பினால் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு அப்படியே நிற்கும். ஞானேஸ்வரி அந்த வரியைக் கடதாசியில் எழுதிச் சுவரில் ஒட்டி, விரலால் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்துவாள். ஒருமுறை அவள் அடித்து முடிப்பதற்குள் இரத்தம் தேவைப்பட்ட கிழவருக்கு மகன் வந்து தன் கையைக் கொடுத்து, எல்லாம் முடிந்து, ஆள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு உது சரிவராது ஆன்சலா," என்றாள் ஞானேஸ்வரி. "ஊசி போடச் சொல்லு, தையல் போடச் சொல்லு. உதுக்கு முன்னால இருந்தா எனக்குக் கை நடுங்குது."

"அவ்வளவும் அடிக்கத் தேவையில்லாமச் செய்து தாறன் அக்கா. ஒரு எழுத்து. அதோட இரத்த வகை. அவ்வளவுதான்."

ஆன்சலா அன்று வீட்டுக்குப் போயும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வீடென்றால் கரையை விட்டு வந்தபின் போட்ட கொட்டில். தகப்பன் அல்பேர்ட், தாய் அற்புதம், தங்கச்சி ஸ்ரெல்லா, அவளுடைய புருசன் ஸ்ரனிஸ்லஸ், எல்லோரும் அதற்குள்தான். ஸ்ரனிஸ்லஸ் முற்றத்தில் படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். மண்ணெண்ணெய் யானை விலை; எஞ்சின் கடலைக் கண்டு மாதக்கணக்காகியிருந்தது. ஆனாலும் துடைப்பதை அவன் விடவில்லை. ஆன்சலா தன் யோசனையைச் சொல்ல, அவன் சிரித்தான்.

"உள்ளுக்க ஆயிரம் சாமான் கிடக்கும் மச்சாள். கடலில நிக்கிறவனுக்கு அதெல்லாம் என்னத்துக்கு? கயிறு ஒண்டு, இழுவை ஒண்டு. அப்பிடிச் செய்து குடுங்கோ."

அப்படித்தான் செய்தாள். அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரி மேசையிலேயே இருந்து, சில வரிகளில் ஒரு சின்னக் கட்டளைக் கோப்பை எழுதினாள். அதன் பெயர் ஆர் என்ற ஒற்றை ஆங்கில எழுத்து. அதை அடித்து, பக்கத்தில் இரத்த வகையையும் அடித்தால் போதும். கோப்பு முதலில் பிளொப்பியைப் பார்த்து, புதிய பதிவு இருந்தால் இயந்திரத்துக்குள் பிரதி எடுக்கும். பிறகு ஓட்டும் மென்பொருளை எழுப்பி, அந்த நீளமான வரியைத் தானே சொல்லும். திரையில் பெயரும் இடமும் வந்து நிற்கும். சுவரில் ஒட்டியிருந்த கடதாசியை ஞானேஸ்வரி தன் கையாலேயே கிழித்தாள்.

இத்தோடு விட்டிருந்தால் நல்லது. நல்ல வேலை செய்தவர்களுக்கு அதை இன்னும் நல்லதாக்கிவிட வேண்டும் என்று ஒரு தினவு இருக்குமே, அது ஆன்சலாவுக்கும் இருந்தது.

பிளொப்பிகள் எல்லாம் பழசு. வவுனியாவுக்கு வடக்கே இராணுவம் பற்றரியே வர விடாத காலத்தில் பிளொப்பி யார் தரப்போகிறார்கள்? இருந்த சிலதையே மாறிமாறிப் பாவிக்க வேண்டியிருந்தது. மாரி தொடங்கிய உடனே அவற்றில் ஒன்று பூஞ்சணம் பிடித்தது. ஞானேஸ்வரி ஆர் என்று அடிக்க, இயந்திரம் பிளொப்பியை வாசிக்க முடியாமல் உறுமி, பிறகு கூர்மையாக ஒரு கூவல் கூவியது.

அந்தக் கூவலுக்கு வாட்டில் நடந்ததை வெளியூர்க்காரன் கண்டால் சிரித்திருப்பான். எழும்ப முடிந்தவர்கள் எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். முள்ளந்தண்டில் காயத்தோடு கிடந்த பெண், பக்கத்தில் கிடந்த தன் பிள்ளையை இழுத்துத் தனக்குக் கீழே தள்ளினாள். ஞானேஸ்வரி மேசைக்குக் கீழே போய், தலையைக் கைகளால் மூடிக்கொண்டு இருந்தாள். குண்டு போடும் கிபிர் விமானம் வருவதற்கு முன் வருகிற சத்தமோ, வந்தபின் வருகிற சத்தமோ என்று நின்று ஆராய்கிறவர்கள் அந்த மண்ணில் நெடுங்காலம் இருப்பதில்லை. விசயம் விளங்கி எழும்பிய பிறகும் அந்தப் பெண்ணின் தையல் பிரிந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது.

"இனி உதைத் தொடமாட்டன்," என்றாள் ஞானேஸ்வரி. மாப்பிள்ளைக்குத் துணியைப் போர்த்திவிட்டாள். சொன்னபடியே பல நாள் தொடவில்லை. வெயில் பற்றரியில் ஏறிச் சும்மா கிடந்தது.

ஆன்சலா வந்து, நடந்ததைக் கேட்டு, தையல் பிரிந்த பெண்ணையும் போய்ப் பார்த்துவிட்டு, கோப்பைத் திறந்தாள். பிளொப்பி வாசிக்க முடியாவிட்டால் கூவ வேண்டாம் என்று ஒரு வரி. திரையில் ஆங்கிலத்தில் வருவதையெல்லாம் வரவிடாமல் ஒன்றுமில்லாத இடத்துக்கு அனுப்பிவிடு என்று இன்னொன்று. புதிய பதிவு கிடைக்காவிட்டால் இயந்திரத்துக்குள் ஏற்கெனவே கிடக்கும் பழைய பதிவை எடுத்துக்கொண்டு பேசாமல் மேலே போ. ஒன்றும் இல்லாததற்குப் பழைய விலாசம் மேல்தானே என்று அவள் யோசித்தாள். ஊர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிற நாடுகளில் அது நல்ல யோசனைதான்.

பிளொப்பியைக் கழற்றிவிட்டு ஞானேஸ்வரியை அடிக்கச் சொன்னாள். சத்தம் இல்லை, ஆங்கிலம் இல்லை. பெயர்கள் வந்து நின்றன.

"இப்பதான் மாப்பிள்ளை," என்றாள் ஞானேஸ்வரி. அவள் முகத்தில் சிரிப்பைக் கண்டபோது ஆன்சலாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தன் படிப்பு முதன்முதலாக ஒருவருக்கு உதவியது போல இருந்தது அவளுக்கு.

ஸ்ரெல்லாவுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரியத் தொடங்கியிருந்தது. கிளினிக்கில் இரத்தம் பார்த்துவிட்டு ஓ நெகட்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள். நூறு பேரைக் கூட்டினால் சிலருக்குத்தான் இருக்கிற வகை. வீட்டில் வேறு ஒருவருக்கும் இல்லை. அற்புதம் மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். மெழுகுதிரியும் வன்னிக்குள் வரத் தடை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆன்சலா தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போய் மாப்பிள்ளைக்கு முன்னால் இருத்தி, அவளையே அடிக்கவிட்டாள். மூன்று பெயர் வந்தது.

"மூண்டு பேர் இருக்கினம். ஏன் பயப்பிடுறாய்?"

"நான் எங்க பயந்தனான்? அம்மாதான்," என்றாள் ஸ்ரெல்லா. "இதில முதல் இருக்கிறது ஆர்? ராக்காயியோ?"

"ஒட்டுசுட்டானுக்கு அங்கால தோட்டம் செய்யிற ஆக்கள். மலையகத்தில இருந்து வந்தவை."

"அவவின்ர இரத்தம் எனக்கு வந்தா நானும் மண்வெட்டி பிடிப்பன்," என்று ஸ்ரெல்லா சிரித்தாள்.

மாரி பிடித்தது. மழையோடு சண்டையும் ஒட்டுசுட்டான் பக்கம் நெருங்க, அங்கிருந்த சனம் சட்டிபானையோடு கிழக்கே நடந்தது. மூன்று பெயரில் ஒருவர் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்து ஓமந்தை தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் மலேரியாவில் கிடந்தார். மலேரியாக்காரரின் இரத்தத்தை எடுக்க முடியாது. ஆகக் கடைசியில் ராக்காயி மட்டும்தான். சனிக்கிழமை தொண்டர் கொண்டுவந்த கடதாசியில் ராக்காயியின் புதிய இடம் இருந்தது. தண்ணீரூற்று, கோயிலடி முகாம். ஆஸ்பத்திரிப் படலையில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆன்சலாவுக்குப் பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. உடனே அடித்துப் பிளொப்பியில் ஏற்றினாள். திங்கட்கிழமை கொண்டுபோய்ப் போட்டாள். அன்று வெயில் இல்லை, மாப்பிள்ளை எழும்பவில்லை. வெயில் வரும்போது வாசித்துக்கொள்ளும் என்று பிளொப்பியை உள்ளே தள்ளிவிட்டு, மழைக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்று சைக்கிளை எடுத்தாள். மாப்பிள்ளைக்குத் தெரியும் என்பதால் வீட்டிலும் அதை ஒருவருக்கும் வாயால் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மழை விட்டு வெயில் எறித்தது. ஸ்ரெல்லாவுக்கு விடியவே குத்துத் தொடங்கி, மத்தியானத்துக்கு முன் ஆண்பிள்ளை பிறந்தான். பிள்ளை அழுதான். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நஞ்சுக்கொடி முழுதாக வரவில்லை என்று டொக்டர் சொன்னார். இரத்தம் நிற்கவில்லை. பாய் நனைந்து, சீமெந்து நனைந்து, டொக்டரின் செருப்பு வழுக்கியது.

ஞானேஸ்வரி ஓடிவந்து துணியை உருவி எறிந்துவிட்டு ஆர் என்று அடித்தாள். அவள் கை நடுங்கவில்லை. திரை ஒரு சத்தமும் இல்லாமல் மூன்று பெயரைக் கொடுத்தது. முதல் பெயர் ராக்காயி. இடம், ஒட்டுசுட்டானுக்கு அங்காலே குடியேற்றம். ஸ்ரனிஸ்லஸ் அதைக் கேட்டு முடிக்குமுன்னரே சைக்கிளில் ஏறிவிட்டான். அந்தப் பக்கம் செல்குண்டு விழுகிறது என்று யாரோ சொன்னது அவன் காதில் விழவில்லை.

ஆன்சலாவுக்குக் கந்தோரில் ஆள் வந்து சொல்லி, அவள் சேற்றில் சைக்கிளை மிதித்து வந்து சேர்ந்தபோது, அற்புதம் பிள்ளையைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள். உள்ளே ஸ்ரெல்லாவின் முகம் கடதாசி நிறத்தில் இருந்தது.

"இரத்தம் எடுத்தாச்சோ அக்கா?"

"ஸ்ரனிஸ் போயிருக்கிறார். வந்திடுவார்," என்றாள் ஞானேஸ்வரி.

"எங்க போனவர்? முகாம் இந்தா கிடக்கு."

"முகாமோ? ஒட்டுசுட்டானுக்கெல்லோ போனவர். மாப்பிள்ளை அப்பிடித்தானே காட்டினது."

ஆன்சலா திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவை இருக்கவில்லை. மழை ஈரத்தில் பிளொப்பி கெட்டு வாசிக்கப்படவில்லை, இயந்திரம் கூவ நினைத்திருக்கும், சொல்ல நினைத்திருக்கும், இரண்டையும் அவள் தன் கையால் மூடி வைத்திருந்தாள். அவள் திரும்பி ஓடினாள். கோயிலடியில் தறப்பாள் கூடாரங்களுக்கு நடுவே நின்று ராக்காயி, ராக்காயி என்று கத்தினாள். மெலிந்த ஒரு பெண் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. இரத்தம் என்ற சொல் காதில் விழுந்ததும் இவளுக்கு முன்னால் அவள் ஓடினாள்.

ராக்காயியைப் படுக்க வைத்து, ஊசி ஏற்றி, பையில் இரத்தம் இறங்கத் தொடங்கியது. பாதி நிறையவில்லை. திரைச்சீலையை விலக்கிக்கொண்டு டொக்டர் வெளியே வந்து, பையைப் பார்த்து, ஊசியைக் கழற்றச் சொன்னார். அற்புதம் வாசலில் இருந்து அலறியது முகாம் வரை கேட்டிருக்கும்.

"நா இங்கனதானே இருந்தேன்," என்றாள் ராக்காயி. யாரிடம் சொல்கிறாள் என்றில்லாமல் சொன்னாள். "ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே. காலையிலேருந்து இங்கனதானே இருந்தேன்."

ஸ்ரனிஸ்லஸ் பொழுதுபட வந்து சேர்ந்தான். குடியேற்றத்தில் ஒரு நாயும் இல்லை என்றான். வீடு வீடாய்ப் போய்க் கூப்பிட்டனான் என்றான். தோளில் செல்துண்டு கீறிய காயம் இருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை. படியில் முழங்கையில் பஞ்சு வைத்துக்கொண்டு இருந்த பெண்ணை அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு உள்ளே போனான்.

அடக்கம் முடிந்த பிறகு ஞானேஸ்வரி மாப்பிள்ளைக்குக் கிட்டவும் போகவில்லை. "நான்தான் என்னவோ பிழையா அமத்திப்போட்டன்," என்று கண்டவர்களிடம் எல்லாம் சொல்லி அழுதாள். சோறு இறங்கவில்லை, ஆள் பாதியாகிப் போனாள். ஆன்சலா அதைக் கேட்டாள். ஒருமுறை அல்ல, பலமுறை கேட்டாள். இல்லை அக்கா, நீங்கள் பிழையில்லை என்றுதான் அவளால் சொல்ல முடிந்தது. அது ஆறுதலாகத்தான் போய்ச் சேர்ந்தது, உண்மையாக அல்ல. உண்மைக்கு இன்னும் ஒரு வசனம் வேண்டியிருந்தது. ஞானேஸ்வரிக்கு அது தெரியவந்தால் அடுத்ததாக வீட்டுக்குத் தெரியும், பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துக்கொண்டிருக்கும் அற்புதத்துக்குத் தெரியும். அவள் பயந்தாள். கோழைத்தனம் என்று அவளுக்கே தெரிந்த பயம்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை ஸ்ரனிஸ்லஸ் தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்தான். ஆன்சலா மேசையில் தனியே இருந்தாள். ஞானேஸ்வரி அடுத்த அறையில் மருந்து கட்டிக்கொண்டிருந்தாள். கதவு இல்லாத அறை.

"என்ர இரத்தம் பி பொசிட்டிவாம். பதிஞ்சு விடுங்கோ மச்சாள். ஆருக்கும் உதவட்டும்."

ஆன்சலா ஆர் என்ற கட்டளைக் கோப்பைத் திறந்தாள். அவன் பெயரை எழுதுவதற்கு அதைத் திறக்கத் தேவையில்லை. வாயைப் பொத்திய வரிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். பிறகு ஆர் என்று அடித்தாள். அன்று போட்ட அதே பிளொப்பி இன்னும் உள்ளேதான் இருந்தது. இயந்திரம் உறுமியது, கூவியது. வாட்டில் சிலர் நிலத்தில் விழுந்தார்கள். திரையில் ஆங்கில வரிகள் வந்து நின்றன. ஞானேஸ்வரி கையில் பஞ்சோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"என்ன சொல்லுது?" என்றான் ஸ்ரனிஸ்லஸ்.

"பிளொப்பியை வாசிக்கேலாது எண்டு சொல்லுது. உள்ளுக்கு இருக்கிறது பழைய விபரம், நம்பாதேங்கோ எண்டு அர்த்தம்."

அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். "அண்டைக்கும் இப்பிடிக் கத்தினதோ?"

"கத்த வந்தது. நான்தான் கத்தவேண்டாமெண்டு எழுதி வைச்சனான். ராக்காயி கோயிலடி முகாமுக்கு வந்திட்டா எண்டது உந்தப் பிளொப்பியிலதான் கிடந்தது." ஆன்சலா அவனைப் பார்க்காமல் வாசலில் நின்றவளைப் பார்த்தாள். "நீங்கள் ஒண்டும் பிழையா அமத்தேல்லை அக்கா. சரியாத்தான் அமத்தினீங்கள்."

ஞானேஸ்வரி சுவரில் சாய்ந்தாள். ஸ்ரனிஸ்லஸ் திட்டவில்லை. திட்டினால் தாங்கலாம் என்று ஆன்சலா காத்துக்கொண்டிருந்தாள். அவன் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தான்.

"கோயிலடி முகாம் எண்டுதானே சொன்னனீங்கள்? அதைத் தாண்டித்தான் போனனான் மச்சாள். றோட்டில குறுக்க ஒரு மனிசி தண்ணி வாளியோட நிண்டவ. நேரம் போகுது, மெல்ல மெல்ல நடக்கிறாவே எண்டு மணியை அடிச்சனான். அடிச்சுக்கொண்டே போனனான். பிறகு இஞ்ச வந்து படியில பஞ்சோட இருந்தவவைப் பாத்தாப்போலதான் ஆளைத் தெரிஞ்சது."

ஆன்சலா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்தாள்.

"ஒதுங்கிக்கூட நிண்டவ," என்றான் அவன். "என்னைப் போகவிட்டு."

வாட்டில் விழுந்து கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் கதிரையை இழுத்து மேசையோடு போட்டு இருந்தான்.

"எழுதுங்கோ," என்றான். "பேர் ஸ்ரனிஸ்லஸ். இப்ப இருக்கிற இடத்தைப் போடுங்கோ. மாறினா நானே வந்து சொல்லுறன்."